பாங்காக்கில் அக்காவுக்கு டீச்சர் வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

பாங்காக்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலை ஈசியாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், 'யாருக்கு?' என்று கேளுங்கள். என் பெரியம்மா மகளுக்கு அது கிடைக்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. அதில் பாதி காலம் வீண், அந்த வீணில் பாதி என் பங்கு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் போடாதே என்றாள், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் அக்காவுக்கு வயது 34. எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் எடுத்தாள், கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 14,000 ரூபாய். வகுப்பில் 55 பேர் உட்கார்ந்திருந்தாலும் சத்தமே இல்லாமல் வைத்திருப்பாள். நான் அப்போது பாங்காக்கில் ஆறு வருடமாக ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங் நா பகுதியில் வாடகை வீடு, நானும் மனைவியும். அக்கா ஹாலில் தங்கிக்கொண்டாள். வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை என்பதை ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இல்லாவிட்டால் இந்தக் கதை ஆகஸ்ட்டிலேயே முடிந்திருக்கும்.

முதல் தப்பு காலண்டரில். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஏப்ரலில் முடியும், ஜூனில் திறக்கும். அக்கா அந்தக் கணக்கில் பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்திக்கொடுத்து, மே மாதம் கணக்கு முடித்து, ஜூன் 10-ம் தேதி வந்து இறங்கினாள். தாய்லாந்தில் முதல் பருவம் மே மாத நடுவிலேயே தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை போகும், இரண்டாம் பருவம் நவம்பர் 1 வாக்கில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆள் எடுப்பதெல்லாம் மார்ச்சிலும் ஏப்ரலிலும், சோங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னும் பின்னும். அதை விட்டால் அக்டோபர். ஜூன் 10 என்றால் எல்லா வகுப்பிலும் ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஆறு வருடம் இங்கே இருந்த உனக்கு இது தெரியாதா என்று மனைவி கேட்டாள். தெரியாதுதான். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை, பள்ளிக்கூடம் எப்போது திறந்தால் எனக்கென்ன.

கையில் இருந்தது 60 நாள் டூரிஸ்ட் விசா. அதை ச்சேங் வத்தனாவில் இருக்கும் குடியேற்ற அலுவலகத்தில் 1,900 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டி இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 90 நாள், செப்டம்பர் முதல் வாரம் வரை. அதற்குள் வேலை.

வேலை தேட எல்லோரும் போகிற இடம் அஜான் என்ற இணையதளம். (நம்ம ஆசாரியர்தான் தாய்லாந்து மொழியில் அஜான் ஆகியிருக்கிறார்.) முதல் நாள் ராத்திரி அக்கா அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, இந்த என்.இ.எஸ். என்றால் என்னடா?" என்று கேட்டாள். நேட்டிவ் இங்கிலீஷ் ஸ்பீக்கர், அதாவது ஆங்கிலம் தாய்மொழியானவர். விளம்பரத்துக்கு விளம்பரம் அதுதான் நின்றது, 'என்.இ.எஸ். மட்டும்'. பேருக்குத்தான் தாய்மொழி, பார்ப்பது என்னவோ பாஸ்போர்ட்டைத்தான். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஐந்து நாடு பெரும்பாலும் அடிபடும், சில இடத்தில் அயர்லாந்தும் தென்னாப்பிரிக்காவும் சேரும். இந்தியாவும் பிலிப்பைன்ஸும் எந்தப் பட்டியலிலும் கிடையாது. பிறந்ததிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிய பெங்களூர்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், அவரும் இங்கே நேட்டிவ் இல்லைதான். சம்பளமும் அதே கோட்டில் பிரிகிறது. அந்த வருடம் நாங்கள் பார்த்த விளம்பரங்களில் ஐந்து நாட்டுக்காரருக்கு 35,000 பாட்டிலிருந்து 45,000 வரை போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அதே வகுப்பு, அதே புத்தகம், 18,000 முதல் 25,000.

மற்ற நாட்டுக்காரர் ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென்றால் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990-க்குக் குறைந்தது 600 வாங்கிக் காட்ட வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் படித்து ஒன்பது வருடம் பாடம் எடுத்தவள், அசோக் பகுதியில் ஒரு கட்டடத்தில் கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, இரண்டு மணி நேரம் 200 கேள்விக்குக் கட்டம் நிரப்பிவிட்டு வந்தாள். 940. அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாக இல்லை. "மிச்சம் 50 எங்கடா போச்சு" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தப்பு பயோடேட்டா. அதை எழுதியது நான். 'சரளமான ஆங்கிலம், சிறந்த உச்சரிப்பு, 120 மணி நேர டெஃபல் சான்றிதழ்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன். அந்த டெஃபல், அதாவது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கான சான்றிதழ், ஊரிலிருந்து கிளம்பும் முன் இணையத்தில் பணம் கட்டி வாங்கியது. பி.எட்., ஒன்பது வருட அனுபவம் இரண்டும் இரண்டாம் பக்கம். என் கணக்கு என்னவென்றால், ஆங்கில வேலைக்குப் போகிறவர் ஆங்கிலத்தைத்தானே விற்க வேண்டும்? ஏழு வாரத்தில் 43 இடத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது நான்கு. அதில் இரண்டு, பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டுவிட்டு அப்புறம் சத்தமில்லை.

மூன்றாவது பதில், ஒரு பெரிய மாலுக்குள் இருந்த மொழிப் பயிற்சி மையம். போனில் அரை மணி நேரம் பேசினார்கள், குரல் ரொம்பப் பிடித்திருக்கிறது, சனிக்கிழமை வந்து ஒரு டெமோ வகுப்பு கொடுங்கள் என்றார்கள். போனாள். வரவேற்பில் இருந்த பெண் அக்காவைப் பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்து இன்றைக்கு மேனேஜர் இல்லை என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என்ன காரணம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அக்கா நல்ல கறுப்பு, நானும்தான். இந்த ஊரில் பெற்றோர் காசு கட்டிச் சேர்க்கிற மையங்களில் டீச்சர் முகமும் விளம்பரத்தில் ஒரு பகுதி, ஆங்கிலம் என்றால் வெள்ளை முகம் என்று சுவரொட்டியிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் விமானம் ஏற வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அக்கா ரயிலில் வீட்டுக்கு வராமல் சிலோமில் இறங்கி மாரியம்மன் கோவிலுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரிதான் வந்தாள். 19-ம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டிய கோவில் அது, ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, நம்மைப் போன்ற நிறத்து ஆட்களுக்கும் அதே சொல்தான்.

நான்காவது பதில் ஒரு ஏஜென்சி. பள்ளிகளுக்கு வெளிநாட்டு டீச்சர்களை அனுப்பி, பள்ளியிடம் ஒரு தொகை வாங்கி, அதில் ஒரு பங்கை டீச்சருக்குக் கொடுக்கிற தொழில். ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள், மின் புரி என்ற பகுதியில் ஒரு பள்ளியில் டீச்சர் பாதியில் போய்விட்டார், நாளைக்கே சேருங்கள், 20,000 பாட், ஒர்க் பெர்மிட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். 2018-ல் திருத்திய சட்டப்படி பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அப்புறம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தரம் சொன்னேன், சத்தமாகச் சொல்லவில்லை. ஆறு வாரமாக ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் எப்படிச் சத்தமாகச் சொல்வது? போய்விட்டாள். பாங் நாவிலிருந்து மின் புரிக்குக் காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். பதினோரு நாள் போனாள். பன்னிரண்டாம் நாள் ஒரு வெள்ளைக்காரப் பையன் கிடைத்துவிட்டான், இனி வரவேண்டாம் என்று செய்தி வந்தது. பதினோரு நாள் சம்பளம் இன்றுவரை வரவில்லை. போய்க் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அவள் செய்த குற்றத்தை அவளே ஒப்புக்கொள்வது மாதிரி. பெர்மிட் அப்புறம் என்பவர்கள் இந்தத் தைரியத்தில்தான் சொல்கிறார்கள்.

இதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. ச்சேங் வத்தனாவில் நீட்டிப்பு முத்திரை குத்தியாயிற்று. அக்கா டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

திருப்பம் எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடியிலிருந்து வந்தது. அங்கே ஒரு பிலிப்பினோ அம்மா இருந்தார், பத்து வருடத்துக்கும் மேலாக இங்கே டீச்சர். வாஷிங் மெஷின் காலியாகக் காத்திருந்த நேரத்தில் மனைவி அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் மேலே வந்து, நான் எழுதிய பயோடேட்டாவை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார், பி.எட். என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்போது இருந்த விதியை அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தாய்லாந்தில் பள்ளியில் பாடம் எடுக்க ஆசிரியர் உரிமம் வேண்டும், அதைக் கொடுப்பது குருசபா. (குரு சபைதான், தமிழில் எழுதினால் அப்படியே புரிகிறது.) 2003-ல் வந்த சட்டத்தின் கீழ் இயங்குகிற ஆசிரியர் மன்றம். கல்வியியல் பட்டம் இல்லாத வெளிநாட்டவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தற்காலிக அனுமதி கொடுப்பார்கள், பிறகு புதுப்பிக்கலாம், ஆனால் காலத்துக்கும் அப்படியே ஓட்ட முடியாது. ஐந்து நாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருகிற எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் ஏதோ ஒரு பட்டம் இருக்கிறது, பி.எட். இல்லை. பி.எட். இருப்பவர் அதைச் சரிபார்க்கக் கொடுத்து, ஐந்து வருட முழு உரிமத்துக்குப் போகலாம். பள்ளி நிர்வாகத்துக்கு அது எவ்வளவு நிம்மதி என்று நமக்குத் தெரியாது. ஆங்கிலத்தை விற்காதே, அந்தக் கடையில் உன்னை யாரும் வாங்கமாட்டார்கள், நீ டீச்சர், அதை விற்றுக்கொள் என்றார். மாலில் இருக்கும் மையங்களை விட்டுவிடு, தனியார் பள்ளிகளில் இங்கிலீஷ் புரோகிராம் என்று ஒரு பிரிவு இருக்கும், கணக்கு, அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், அங்கே போ என்றார். 120 மணி நேர டெஃபலைப் பார்த்து, இது உரிமத்துக்குக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு, அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு அந்நியர் பார்த்ததை நான் பத்து வாரமாகப் பார்க்கவில்லை.

புதுப் பயோடேட்டா ஒரே பக்கம். பி.எட். மேலே, அதற்கு அடுத்த வரி ஒன்பது வருடம், எந்தெந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள். டோயிக் மதிப்பெண் கீழே ஒரு மூலையில். இந்தத் தடவை 9 இடத்துக்கு மட்டும் அனுப்பினாள், எல்லாம் தனியார் பள்ளிகள், எல்லாம் நவம்பர் பருவத்துக்கு. நான்கு பதில். காலண்டரும் இப்போது நம் பக்கம் வந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வெறும் காகித மாற்றம்தான் காரணம் என்று சொன்னால் பொய்.

டெமோவில் முதல் தடவை சறுக்கினாள். காலங்களின் அட்டவணையைப் பலகையில் அழகாக எழுதி, நிகழ்காலம் இறந்தகாலம் என்று நம்மூர் பாணியில் நடத்தினாள், பிள்ளைகள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோவில்பட்டியில் அமைதியான வகுப்பு என்றால் நல்ல வகுப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த தாய்லாந்து ஆசிரியை வெளியே வந்ததும் "சனுக் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சனுக் என்றால் ஜாலி, கலகலப்பு, இரண்டும் சேர்ந்தது. அது இல்லாத பாடம் இங்கே பாடமே இல்லை. அக்காவுக்குக் கோபம், வீட்டுக்கு வந்து "நான் என்ன சர்க்கஸா நடத்துறேன்" என்றாள். அப்புறம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, சாயங்காலம் வாங்கி வந்த ரம்புட்டான், மங்குஸ்தான், வாழைப்பழத்தையெல்லாம் வரிசையாக வைத்து இருபது நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு தயார் செய்தாள். இரண்டாவது டெமோவில் அந்தப் பழங்களைப் பைக்குள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். ஒரு பையன் முள் குத்தியது போல நடித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். வேலை கிடைத்தது.

சுவான் லுவாங் பகுதியில் ஒரு தனியார் பள்ளி, மூன்றாம் வகுப்பு, சம்பளம் 25,000 பாட், பன்னிரண்டு மாதமும். ஏஜென்சி வேலையில் பலருக்குப் பத்து மாதம்தான் சம்பளம் என்பதால் இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். அன்றைய விலையில் ஏறக்குறைய 55,000 ரூபாய். அதே பிரிவில் இருந்த இங்கிலாந்துக்காரருக்கு 42,000 என்று பிற்பாடு தெரிந்தது. அவர் தற்காலிக அனுமதியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா 28,000 கேட்டாள், உரிமம் வரட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு சின்னத் திருத்தம்: எடுக்கச் சொன்னது ஆங்கிலம் கொஞ்சம், அறிவியல் நிறைய. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவள் அவள்.

இனி காகிதம். இதை ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும், மூன்றாவது தப்பு இது. செப்டம்பர் 5-ம் தேதி சென்னைக்குத் திரும்பினாள், ஏனென்றால் வேலைக்கு வேண்டிய நான்-இமிகிரன்ட் பி விசாவை அங்கே தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் வாங்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். பள்ளி அனுப்பிய கடிதங்கள், தனியார் கல்வியைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தின் ஒப்புதல் எல்லாம் வந்துவிட்டன. அவள் பக்கத்தில்தான் ஓட்டை. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒற்றைப் பேர். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பேர் முழுசாகக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இது ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு இது இரண்டு ஆள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம், பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்று, மாநில அரசின் அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்), அதன்மேல் வெளியுறவு அமைச்சகம், அதன்மேல் துணைத் தூதரகம், இவை போகப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சான்றிதழ். அந்த உண்மைத்தன்மைச் சான்றுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினாள், மூன்றாவது தடவை பெரியப்பா சட்டைப்பையில் மாத்திரையோடு கூடவே போனார். ஐந்து வாரம் போனது. வெளிநாட்டில் டீச்சர் வேலை யோசிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் பேரைப் படித்துப் பாருங்கள்.

அக்டோபர் நடுவில் விசாவோடு திரும்பி வந்தாள். 19-ம் தேதி விஜயதசமி, சிலோம் சாலையை ராத்திரி அடைத்துவிட்டு மாரியம்மன் ஊர்வலம். சாலையோரம் முழுக்கத் தாய்லாந்துக்காரர்கள் வெள்ளை உடுத்திச் சாமந்தியும் விளக்கும் வைத்துக் காத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பள்ளித் தலைமையாசிரியை குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்ததை அக்காதான் முதலில் பார்த்தாள். கையில் தேங்காய்.

செலவுக் கணக்கும் கேட்பீர்கள். விமான டிக்கெட், இரண்டு விசா, நீட்டிப்பு, டோயிக், டெஃபல், அட்டெஸ்டேஷன் என்று எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாயைத் தொட்டது. வாடகை சேர்க்காமல். ஜூனில் வராமல் ஊரிலேயே காகிதத்தை முடித்து, அடுத்த மார்ச்சில் வந்திருந்தால் பாதிதான் ஆகியிருக்கும்.

நவம்பரில் வகுப்பு தொடங்கியது. நுரையீரல், ஒளிச்சேர்க்கை, காந்தம் என்று முந்தின ராத்திரி படித்துவிட்டு மறுநாள் போய் எடுத்தாள். என் மனைவிக்கே மூன்றாம் வகுப்பு அறிவியல் மனப்பாடம் ஆகிவிட்டது. தற்காலிக அனுமதியில் சேர்ந்து, பி.எட். சரிபார்ப்புக்கு டுசிட்டில் இருக்கும் குருசபாவில் கொடுத்தாள். அது மாதக்கணக்கில் நடந்தது, இனிஷியல் கேள்வி அங்கேயும் வந்தது, உறுதிமொழிப் பத்திரம் அங்கேயும் காப்பாற்றியது. முழு உரிமம் கைக்கு வந்ததும் சம்பளம் 30,000 ஆனது. இங்கிலாந்துக்காரரின் 42,000-ஐ அவள் இன்னும் தொடவில்லை, அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

2019 ஜூனில் ஒரு வியாழக்கிழமை பள்ளியில் வாய் க்ரு நடந்தது. பருவத் தொடக்கத்தில் பிள்ளைகள் ஆசிரியர்களுக்கு மரியாதை செய்கிற சடங்கு, வியாழன்தான் குருவுக்குரிய நாள், நம்மூரில் போலவே. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சின்னத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதில் இட்லிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ. க்ருவுக்குக் கொடுக்கிற தட்டில் வழக்கமாக வைப்பது இவைதானாம். நாற்காலியிலிருந்து விழுந்த அந்தப் பையன் முட்டி போட்டுக் கொடுத்தானாம். அருகம்புல்லைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, "பிள்ளையாருக்கு ஆகும், தூக்கிப் போட்டுறாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுநாளைக்குக் காந்தப் பாடம் படிக்கப் போனாள்.